முதலில் காகிதம், அப்புறம் டேப்லெட்: சிறு விமானம் ஓட்டக் கற்பவர்களுக்கு

விமானப் பயிற்சியில் சேர்ந்துவிட்ட, இல்லை சேரப் பணம் புரட்டிக்கொண்டிருக்கிற நம் வடசென்னைப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எங்கிருந்து யார் கூப்பிட்டாலும் கேள்வி ஒன்றுதான். "அண்ணா, டேப்லெட்லயே எல்லாம் வருதே, இந்தப் பேப்பர் சார்ட்டு, பென்சிலு, ஸ்கேலு எல்லாம் எதுக்கு?"

சார்ட் என்றால் விமானிகளுக்கான வரைபடம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு இரண்டு இடத்தில் விலை கொடுத்தேன். ஏர் நேவிகேஷன் பரீட்சையில் முதல் முறை 62 மதிப்பெண்தான் வந்தது. தேற 70 வேண்டும். இரண்டாவது, ஊர் விட்டு ஊருக்குத் தனியாகப் பறந்துபோன ஒரு கிராஸ் கன்ட்ரிப் பயணத்தில் 3,000 அடி உயரத்தில் டேப்லெட் இருண்டுபோனது. அன்று என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது தொடையில் கட்டியிருந்த ஒரு தாள்.

இரண்டும் வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் வரிசை மாறக் கூடாது. பாதையைக் காகிதத்தில் போடுங்கள், டேப்லெட்டை வைத்துச் சரிபாருங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டேப்லெட்டில் இரண்டு இடத்தைத் தொட்டால் கோடு வந்துவிடுகிறது. அந்தக் கோடு ஏன் அங்கே போகிறது என்று யோசிக்க வேலையே இல்லாமல் போய்விடுகிறது.

1. முதலில் வாங்க வேண்டியவை

பணம் கையில் வந்ததும் டேப்லெட் கடைக்கு ஓடாதீர்கள். முதல் மாதத்துக்கு இவை போதும்.

காற்று, வேகம், நேரம் கணக்குப் போடக் கையால் சுற்றும் கணிப்பான் ஒன்று. வட்டமான சிஆர்-3 அல்லது சறுக்குத் தகடு உள்ள ஈ6பி. எது வேண்டும் என்பதைப் பயிற்றுநரிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். வகுப்பில் ஒன்றைச் சொல்லிக்கொடுக்க, நீங்கள் வேறொன்றைக் கையில் வைத்திருந்தால் திண்டாட்டம்தான். புதிதாக வாங்கினால் சில ஆயிரம் ஆகும். பரீட்சை முடித்த சீனியர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும். பழையதை வாங்கும்போது வட்டத் தகட்டைச் சுற்றிப் பாருங்கள். தானாக வழுக்கினால் வேண்டாம்.

சதுரமான ப்ரொட்ராக்டர், நீளமான ஸ்கேல், டிவைடர், 2பி பென்சில், நல்ல ரப்பர். இதெல்லாம் பாரிமுனைப் பக்கம் ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கும். டிவைடர் மட்டும் பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் வருவது வேண்டாம், திருகு தளர்ந்து அளவு மாறிவிடும்.

தொடையில் கட்டும் நீபோர்டு ஒன்று. சுமார் 1,500 ரூபாய். ஒரு சாதாரண கைக்கடிகாரம். மொபைலில் நேரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். காகித நேவிகேஷன் முழுக்க முழுக்கக் கடிகாரத்தை நம்பித்தான் நிற்கிறது.

எல்லாம் சேர்த்து எனக்கு 8,000 ரூபாய்க்குள் முடிந்தது. பறக்கும் கட்டணம் மணிக்கு 15,000 ரூபாய் அளவில் இருக்கிற காலத்தில், வழி தெரியாமல் 10 நிமிடம் சுற்றினாலே 2,500 போய்விடும்.

2. சார்ட் எங்கே கிடைக்கும்

நிஜமாகப் பறப்பதற்கான சார்ட்டை உங்கள் பயிற்சிப் பள்ளிதான் சொல்ல வேண்டும். அவர்கள் எதை வைத்துப் பறக்கிறார்களோ அதையே நீங்களும் வையுங்கள். உள்ளூர்ப் பறக்கும் பகுதிக்கென்று தனியாக ஒரு வரைபடம் வைத்திருப்பார்கள். சேர்ந்த முதல் நாளே ஒரு பிரதி கேட்டு வாங்கிவிடுங்கள்.

இந்திய விமான நிலைய ஆணையம் ஏஐபி என்ற தகவல் தொகுப்பை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. விமான நிலைய வரைபடங்கள், வழித்தடச் சார்ட்டுகள், தடைப் பகுதிகளின் பட்டியல் எல்லாம் அதில் உண்டு. இதை யாராவது காசுக்கு விற்றால் வாங்காதீர்கள்.

வீட்டில் கோடு போட்டுப் பழகுவதற்கு, அமெரிக்க ராணுவம் வெளியிட்ட பழைய ஓஎன்சி, டிபிசி சார்ட்டுகள் நல்லவை. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் வரைபடத் தொகுப்பில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஓஎன்சி 1:10,00,000 அளவு, அதாவது 1 சென்டிமீட்டருக்கு 10 கிலோமீட்டர். டிபிசி 1:5,00,000 அளவு, அதில் எல்லாம் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். ஆனால் இவை பல வருடம் பழையவை. இவற்றை விமானத்துக்குள் கொண்டுபோகவே கூடாது.

சார்ட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு. விமானத் தகவல்கள் 28 நாளுக்கு ஒருமுறை, எப்போதும் ஒரு வியாழக்கிழமையில் புதுப்பிக்கப்படும். இதை ஏராக் சுழற்சி என்பார்கள். வருடத்துக்கு 13 சுழற்சி. சமையலறைக் காலண்டரில் அந்த வியாழக்கிழமைகளை வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஏஐபியில் அன்று மாறியிருப்பதைப் பார்த்து, என் சார்ட்டில் தேவையான இடத்தில் பென்சிலால் திருத்திவிடுவேன். அரை மணி நேர வேலை.

3. பிரின்ட் எடுக்கும்போது அளந்து பாருங்கள்

இது சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு இரண்டு வாரத்தைத் தின்றது இதுதான்.

மண்ணடியில் ஒரு கடையில் பெரிய தாளில் கலர் பிரின்ட் எடுத்தேன். அழகாக வந்திருந்தது. வீட்டுக்கு வந்து தூரம் அளந்தால் ஒன்றுமே விடையோடு ஒத்துப்போகவில்லை. என் கணக்குதான் தப்பு என்று திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசியில் பார்த்தால், ஓரம் வெட்டுப்படாமல் இருக்கட்டும் என்று மெஷினில் படத்தைத் தாளுக்குள் அடங்குமாறு சுருக்கியிருக்கிறார்கள். நான் அளந்த ஸ்கேல் 1:10,00,000-க்கு உரியது. தாளில் இருந்ததோ வேறு அளவு.

கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் இதைச் செய்யுங்கள். சார்ட்டின் செங்குத்துக் கோட்டில் ஒரு டிகிரி அட்சரேகை நீளத்தை அளந்து பாருங்கள். ஒரு டிகிரி 60 கடல் மைல், சுமார் 111 கிலோமீட்டர். 1:10,00,000 சார்ட்டில் அது 11.1 சென்டிமீட்டர் வர வேண்டும். 1:5,00,000 என்றால் 22.2. குறைந்தால் திருப்பிக் கொடுத்து, நூறு சதவீத அளவில் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

இன்னும் நல்ல பழக்கம், தூரத்தை ஸ்கேலில் அளக்காமல் டிவைடரில் எடுத்து அதே சார்ட்டின் ஓரத்தில் உள்ள அட்சரேகைப் பிரிவுகளில் வைத்துப் பார்ப்பது. ஒரு நிமிட அட்சரேகை ஒரு கடல் மைல். தாள் சுருங்கினால் அதுவும் சேர்ந்தே சுருங்கும், தப்பு வராது. ஆனால் கிடைமட்டமாக ஓடும் தீர்க்கரேகைப் பிரிவுகளில் அளக்காதீர்கள். பரீட்சையில் பாதிப் பேர் விழும் குழி அது.

லேமினேட் செய்ய வேண்டாம். வெயிலில் பளபளத்துக் கண்ணைக் கூசும், மடிக்கவும் வராது, பென்சிலும் பிடிக்காது.

4. தரையில் விரித்து ஒரு பாதை போடுங்கள்

எங்கள் வீடு காசிமேட்டில். மேசை கிடையாது. கட்டிலுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் தரையில் விரித்துத்தான் நான் கோடு போடக் கற்றேன். தரை மேசையை விட வசதி; நாலு மூலையிலும் டம்ளரை வைத்துவிட்டால் தாள் அசையாது.

முதல் பயிற்சிக்கு மீனம்பாக்கத்திலிருந்து புதுச்சேரி விமான நிலையத்துக்கு ஒரு நேர்க்கோடு போடுங்கள். பயிற்சிக்காக மட்டும். அளந்தால் சுமார் 65 கடல் மைல், திசை 199 டிகிரி.

இப்போது கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்துங்கள். கிளம்பி 6 கடல் மைல் போவதற்குள் கோடு தாம்பரம் விமானப்படைத் தளத்தை உரசிக்கொண்டு போவது தெரியும். விரலை வைக்காதவர்களுக்கு இது தெரிவதில்லை. டேப்லெட்டில் முழுப் பாதையும் திரைக்குள் தெரியும்படி சுருக்கிப் பார்க்கும்போது இந்த மாதிரி சின்னச் சின்ன வட்டங்கள் மறைந்துவிடும். பெரிதாக்கிப் பார்த்தால் பாதையின் மீதிப் பகுதி திரைக்கு வெளியே போய்விடும். விரித்த தாளில் மட்டும்தான் எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னால் இருக்கும்.

நம் பக்கம் பார்க்க வேண்டிய இன்னும் சில இடங்கள்: மேற்கே அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளித் தளம், வடக்கே பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் நம் ஆட்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பார்கள் அல்லவா, அதே நேரத்துக்கு வானத்தையும் மூடுவார்கள். அந்த அறிவிப்புக்கு நோட்டாம் என்று பெயர். அச்சடித்த சார்ட்டில் அது இருக்காது. தேடிப் பார்த்து நீங்கள்தான் பென்சிலால் வரைய வேண்டும்.

அடுத்து காற்று. கிழக்கிலிருந்து 20 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் கொண்டல் அடிக்கிறது, விமானத்தின் வேகம் 100 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பானைச் சுற்றினால், மூக்கை 11 டிகிரி இடப்பக்கம் திருப்பி 188-ல் வைக்க வேண்டும் என்று வரும். கொண்டல் கொஞ்சம் பின்னாலிருந்தும் தள்ளுவதால் தரை வேகம் 105 நாட் சுற்றுவட்டத்தில் இருக்கும். 37 நிமிடத்தில் போய்ச் சேரலாம்.

காற்றைக் கணக்கில் எடுக்காமல் 199-லேயே மூக்கை வைத்துப் போனால் என்ன ஆகும்? முடிவில் கோட்டுக்கு மேற்கே 11 கடல் மைலுக்கு மேல், அதாவது 20 கிலோமீட்டருக்கும் கூடுதலாக ஒதுங்கியிருப்பீர்கள். அங்கே நின்று புதுச்சேரி எங்கே என்று தேட வேண்டும். அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். விசைப்படகில் டிரைவர் அவர். "கொண்டலுக்குத் தலையைக் கொடுத்துத்தானே பிடிக்கணும், இதுக்கா சக்கரம்?" என்றார். கணக்கு அவர் கையிலேயே இருக்கிறது. நமக்கு அது கைக்கு வரும்வரை சக்கரம் வேண்டும்.

இத்தனையும் உண்மை வடக்கை வைத்துப் போட்டது. விமானத்தின் திசைகாட்டி காட்டுவது காந்த வடக்கு. சென்னைப் பக்கம் இரண்டுக்கும் வித்தியாசம் மேற்கே 2 டிகிரிக்கும் குறைவு. அதனால் நம் பிள்ளைகள் பலர் அதைச் சேர்க்காமலேயே பழகிவிடுகிறார்கள். பயிற்சிக்குத் தென்னாப்பிரிக்கா போகிறவர்களே, கவனம். கேப் டவுன் பக்கம் அது மேற்கே 25 டிகிரி அளவில் இருக்கிறது. மேற்கு என்றால் கூட்டுங்கள், கிழக்கு என்றால் கழியுங்கள். 1 டிகிரியாக இருந்தாலும் போடுங்கள், கை பழகட்டும்.

முதல் பாதையைப் போட்டு முடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் ஆனது. பத்தாவது பாதைக்கு 40 நிமிடம். அந்த 40 நிமிடம் வரும்வரை டேப்லெட்டைத் தொட வேண்டாம்.

5. கும்மிடிப்பூண்டி ரயிலில் பழகுங்கள்

வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 20 ரூபாய்க்குள் டிக்கெட் எடுத்தால், ஒரு மணி நேரத்துக்கு மேல் நேவிகேஷன் பழகலாம். மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை போகும் புறநகர் ரயிலைச் சொல்கிறேன்.

முதல் நாள் இரவே வரைபடத்தில் அந்தத் தண்டவாளத்தைக் கண்டுபிடித்து, வழியில் அடையாளங்களைக் குறியுங்கள். கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றுப் பாலம், கிழக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், மீஞ்சூர், பொன்னேரி, பொன்னேரி தாண்டி ஆரணியாறு. ஒவ்வொன்றுக்கும் இடையே உள்ள தூரத்தை டிவைடரில் எடுத்து எழுதுங்கள். ரயில் கிளம்பியதும் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறியுங்கள். முதல் இரண்டு அடையாளத்துக்குள் சராசரி வேகம் தெரிந்துவிடும். அதை வைத்து அடுத்த அடையாளம் எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே எழுதுங்கள். பிறகு தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்.

இதில் ஒரு விதியை விடாமல் பிடியுங்கள். முதலில் தாளைப் பார்த்து என்ன வரும் என்று சொல்லுங்கள், அப்புறம் வெளியே பார்த்து அது வந்ததா என்று பாருங்கள். வெளியே ஒரு பாலத்தைப் பார்த்துவிட்டுச் சார்ட்டில் பாலத்தைத் தேடினால், ஏதோ ஒரு பாலம் கிடைத்துவிடும். நம் மனசும் அதுதான் இது என்று ஒத்துக்கொள்ளும். ஆகாயத்தில் பலர் வழி தவறுவது இப்படித்தான்.

கொசஸ்தலைப் பாலத்தை முதல் தடவை 6 நிமிடம் தப்பாகச் சொன்னேன். நாலாவது தடவை ஒரு நிமிடத்துக்குள் வந்தது. திரும்பி வரும்போது மொபைலில் ஜிபிஎஸ்ஸைப் போட்டு ஒப்பிடுங்கள். போகும்போது அது பைக்குள்ளேயே இருக்கட்டும். காலை அலுவலக நேரக் கூட்டத்தில் இதைச் செய்ய முடியாது. ஞாயிறு காலை நல்ல நேரம்.

6. டேப்லெட் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

முதலில் உங்கள் பள்ளியில், மாணவர்கள் காக்பிட்டில் டேப்லெட் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று கேளுங்கள். தனியாகப் பறக்கும்வரை கூடாது என்று சொல்லும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அடுத்து, ஐபேடில் வைஃபை மட்டும் உள்ள மாடலில் ஜிபிஎஸ் கிடையாது. சிம் போடும் வசதி உள்ள செல்லுலார் மாடலில்தான் உண்டு. சிம் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் மாடல் அதுவாக இருக்க வேண்டும். பர்மா பஜாரில் பழையதை விலை பேசும்போது சிம் தட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். புது மாடல் சிலவற்றில் தட்டே இருக்காது. மாடல் எண்ணை அமைப்புகளில் பார்த்து, அது செல்லுலார்தானா என்று தேடிச் சரிபாருங்கள். நான் இதைத் தெரியாமல் வைஃபை மாடலை வாங்கிவிட்டு, வெளியே வைக்கும் ஜிபிஎஸ் கருவிக்காக மறுபடியும் பணம் கட்டினேன். புது செல்லுலார் ஐபேட் 50,000 ரூபாய் அளவில் ஆரம்பிக்கிறது.

மூன்றாவது செயலி. ஃபோர்ஃபிளைட் ஆப்பிள் கருவிகளில் மட்டும்தான் ஓடும். ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைக்கும் அவேர் நல்ல செயலிதான், ஆனால் அதில் வருபவை அமெரிக்கச் சார்ட்டுகள். ஸ்கைடெமன் ஐரோப்பாக்காரர்கள் அதிகம் வைத்திருப்பது. அமெரிக்காவில் படித்த அண்ணன் ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னார் என்பதற்காக ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிடாதீர்கள். நீங்கள் பறக்கப்போகும் நாட்டின் சார்ட்டு அந்தச் சந்தாவுக்குள் வருகிறதா, அதற்குத் தனியாகக் கட்ட வேண்டுமா என்று முதலில் பாருங்கள். இலவசச் சோதனைக் காலம் இருந்தால், அதைப் பயிற்சி தொடங்கும் மாதத்தில் எடுங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும் மாதத்தில் வீணாக்காதீர்கள்.

7. டேப்லெட் கைவிடும் நேரங்கள்

மே மாதம். செஸ்னா 152. ஓடுபாதைக்கு முன்னால் 20 நிமிடம் காத்திருந்தேன். அந்த விமானத்தில் குளிர்சாதனம் கிடையாது, முன்னால் முழுக்கக் கண்ணாடி. டேப்லெட் தொடையில் வெயிலைப் பார்த்தபடி இருந்தது. மேலே போய்ச் சில நிமிடத்தில் திரை இருண்டு, ஆறும்வரை காத்திருக்கச் சொல்லி எச்சரிக்கை வந்தது. ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் அளவு, சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் வரை. நம் ஊர் மே மாதத்தில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும்.

என் பயிற்றுநர், எழுதிய தாளை நீபோர்டில் செருகாமல் யாரையும் அனுப்ப மாட்டார். அந்தத் தாளில் இருந்தது இவ்வளவுதான்: 10:28-க்குத் திசை பிடித்தேன், 24 கடல் மைலில் ஓர் ஏரி, 10:42-க்கு அது எனக்கு நேர் கீழே வர வேண்டும். 10:42-க்கு ஏரி வரவில்லை. வயிற்றைக் கலக்கியது. திசையை மாற்றாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். 10:44-க்கு ஏரி வலப்பக்கம் தள்ளித் தெரிந்தது. எனக்குக் கீழே ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். சார்ட்டில் அந்த இடம் கோட்டுக்கு இடப்பக்கம் 2 கடல் மைல்.

60 கடல் மைலில் 1 கடல் மைல் விலகினால் அது 1 டிகிரி தப்பு. 24-ல் 2 விலகல் என்றால் 60-ல் 5. ஆக 5 டிகிரி தப்பு. சரியாகப் பாதி வழியில் இருந்ததால், தப்பைத் திருத்த 5, கோட்டுக்குத் திரும்ப இன்னொரு 5, மொத்தம் வலப்பக்கம் 10 டிகிரி திருப்பினேன். முதல் பாதிக்கு 16 நிமிடம் ஆனதால் அடுத்த பாதிக்கும் 16 என்று எழுதினேன். 11 மணிக்கு ஓடுபாதை மூக்குக்கு நேராகத் தெரிந்தது. இந்த 60-க்கு 1 கணக்கை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். சக்கரமும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம், தலைக்குள்ளேயே போட்டுவிடலாம்.

வெப்பத்தைத் தவிர வேறு பொறிகளும் உண்டு. ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் வேண்டாம், ஆனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். இறக்காவிட்டால் வெற்றுத் திரையின் நடுவில் ஒரு நீலப் புள்ளி மட்டும் நிற்கும். முந்தைய இரவு மென்பொருளைப் புதுப்பித்தால் செயலி வெளியேறிப் போய், காலையில் கடவுச்சொல் கேட்கும். போலராய்டு கண்ணாடி போட்டிருந்தால் சில கோணத்தில் திரை கறுப்பாகத் தெரியும். காந்தம் வைத்த மூடியைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் முள் பொய் சொல்லும். அந்த மூடியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சிக்னலையே யாராவது குழப்பவும் முடியும். செயற்கைக்கோள் சிக்னல் குறுக்கீடு பற்றி, விமானப் போக்குவரத்தை மேற்பார்க்கும் டிஜிசிஏ 2023 நவம்பரில் சுற்றறிக்கையே விட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் டேப்லெட் அணையாது. தப்பான இடத்தை நம்பிக்கையோடு காட்டும். அணைந்துபோவதை விட இது மோசம். தாளில் இருக்கும் நேரத்தோடு ஒப்பிடுகிறவருக்குத்தான் இது பிடிபடும்.

8. காகிதம் கைவிடும் நேரங்கள்

காகிதத்துக்கும் குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஜன்னலைத் திறந்தால் பறக்கும். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழியும். முக்கியமான இடம் எப்போதும் மடிப்பில்தான் மாட்டும். போகும் பாதை மேலே தெரியும்படி முன்பே மடித்து, மடிப்பை ஒருமுறை பிரித்துப் பழகுங்கள். இருட்டில் சிவப்பு டார்ச் அடித்தால் சிவப்பு மையில் போட்டதெல்லாம் காணாமல் போய்விடும். அதனால் கறுப்புப் பென்சிலில் போடுங்கள்.

திடீரென்று வேறு விமான நிலையத்துக்குத் திரும்பச் சொன்னால், தாளில் கணக்குப் போட மூன்று நான்கு நிமிடம் ஆகும். அங்கே டேப்லெட் உண்மையிலேயே உதவும். மூடிய வான்பகுதிக்குள் நுழையும் முன்பே அது எச்சரிக்கும். இந்த இரண்டுக்காகவே நான் இன்றைக்கும் அதை எடுத்துப் போகிறேன்.

9. பறப்பதற்கு முந்தைய நாளும் அன்றைக்கும்

முந்தைய நாள் சாயங்காலம்: பாதை, தூரம், உயரம், எரிபொருள் ஆகியவற்றை நேவிகேஷன் தாளில் எழுதுங்கள். காற்றுக்கான இடத்தைக் காலியாக விடுங்கள். அதே பாதையை இப்போது டேப்லெட்டில் போடுங்கள். இரண்டிலும் தூரம் 1 கடல் மைலுக்கு மேல், திசை 2 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் எங்கோ தப்பு. கண்டுபிடிக்காமல் தூங்கப் போகாதீர்கள். டேப்லெட்டை முழுச் சார்ஜில் வைத்து, விமானப் பயன்முறைக்கு மாற்றி, பாதை முழுவதும் வரைபடம் தெரிகிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள்.

அன்று காலை: வானிலை அறிக்கைகளான மெட்டாரையும் டாஃபையும் பார்த்துக் காற்றை நிரப்புங்கள், நோட்டாம் பாருங்கள். விமானத் திட்டத்தைக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும். ஏடிசி (ADC) எண், எஃப்ஐசி என்ற விமானத் தகவல் மையம் தரும் எண் இரண்டும் வந்ததும் தாளின் மேல் மூலையில் எழுதுங்கள். வானொலியில் கேட்பார்கள், அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. ஏடிசி என்பது இங்கே வான் பாதுகாப்பு அனுமதி. புதியவர்கள் அதைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் (ATC) என்று குழப்பிக்கொள்கிறார்கள்.

பையில் இருக்க வேண்டியவை: உங்கள் உரிமம், மருத்துவச் சான்று, ரேடியோ உரிமம் இருந்தால் அது, லாக் புத்தகம், சார்ட், தாளின் இரண்டு பிரதி. ஒரு பிரதியைப் பயிற்றுநரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் வரத் தாமதமானால் எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

டேப்லெட்டைக் கிளம்பும்வரை பைக்குள் நிழலில் வையுங்கள். தரையில் ஓடும்போது நீபோர்டில் தாள்தான் மேலே இருக்க வேண்டும். மேலே போன பிறகு ஒவ்வோர் அடையாளத்திலும் முதலில் கடிகாரம், அப்புறம் தாள், அப்புறம் ஜன்னல், கடைசியில் டேப்லெட்.

10. திரும்பி வந்ததும்

அப்பாவின் படகில் ஜிபிஎஸ் பெட்டி இருக்கிறது. இருந்தாலும் நல்ல மீன் விழுந்த இடங்களின் டிகிரியை ஒரு நீளக் கணக்கு நோட்டில் எழுதிவைப்பார். உப்பேறி ஓரமெல்லாம் மொரமொரத்துப்போன நோட்டு. ஒருமுறை பெட்டியில் இருந்த புள்ளிகள் மொத்தமும் அழிந்துவிட்டன. அந்த நோட்டைப் பார்த்து ஒரே சாயங்காலத்தில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார்.

நீங்களும் அப்படி ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். டேப்லெட் பதிவுசெய்த உண்மையான பாதையைத் திறந்து, சார்ட்டில் உங்கள் பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நிறத்தில் வரையுங்கள். எந்த இடத்தில் விலகினீர்கள், எத்தனை நிமிடம் பிந்தினீர்கள், காற்று சொன்னபடி இருந்ததா என்று ஓரத்தில் எழுதுங்கள். வணிக விமானி உரிமத்துக்கு 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு கிராஸ் கன்ட்ரியைத் தனிப்பொறுப்பில் முடிக்க வேண்டும். வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி நிற்க வேண்டும். அதற்கு முந்தைய இரவு நான் புரட்டிப் பார்த்தது அந்தக் கோப்பைத்தான். பன்னிரண்டு தாள்களில் ஒன்பதில் நான் இடப்பக்கமே ஒதுங்கியிருந்தேன். மறுநாள் காலை முதல் வேலையாக, விமானத்தின் திசைகாட்டிக்குக் கீழே ஒட்டியிருக்கும், அது எந்தத் திசையில் எத்தனை டிகிரி தப்பாகக் காட்டும் என்று சொல்லும் திருத்த அட்டையை ஒழுங்காகப் படித்தேன்.